கார்கசோன் கோட்டை: அசலா, சினிமா செட்டா?

ஊர்சுற்றி: தென் பிரான்சில் கார்கசோன் பார்த்துவிட்டு வந்தேன். இரட்டை மதில், 52 கோபுரங்கள், பிரமாதம்தான். ஆனால் அந்தச் சாம்பல் நிறக் கூம்புக் கூரைகள் உறுத்துகின்றன. அவை வடக்கத்திக் கூரைகள். தெற்கில் சிவப்பு ஓடுதான் வழக்கம். 1853இல் புதுப்பிக்கத் தொடங்கிய கட்டடக் கலைஞர் வியோலே-லெ-துக் தன் கற்பனையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். இதற்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் வேறு!

மதில்காவலன்: அவர் இல்லாவிட்டால் பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்? 1659இல் ஸ்பெயின் எல்லை தெற்கே தள்ளிப்போனதும் கோட்டைக்கு வேலை போய்விட்டது. அக்கம்பக்கத்தார் கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1850 வாக்கில் அரசே இடிக்க முடிவெடுத்தது. உள்ளூர் வரலாற்றாசிரியர் க்ரோ-மேர்வியேயும் எழுத்தாளர் மெரிமேயும் போராடித்தான் அதை நிறுத்தினார்கள். கூரைக்கும் காரணம் உண்டு. 1247க்குப் பிறகு கோட்டை பிரெஞ்சு அரசரிடம் இருந்தது. வெளி மதிலைக் கட்டியது அவருடைய ஆட்கள். வடக்குப் பாணி வந்திருக்கலாம் என்று வியோலே-லெ-துக் நினைத்ததில் என்ன தப்பு? அப்புறம், 1997இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தபோது இந்தப் புதுப்பிப்புப் பணியையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள்.

ஊர்சுற்றி: சரி, வெளி மதிலுக்கு ஒத்துக்கொள்ளலாம். உள் மதிலில் இருக்கும் ரோமானியர் காலக் கோபுரங்களுக்கும் அதே தொப்பியா? 20ஆம் நூற்றாண்டில் சிலவற்றைக் கழற்றிவிட்டு ஓடு போட்டது எதற்காம்?

தறிக்காரி: கூரையை விட்டுக் கீழே பாருங்கள் ஐயா. இரண்டு மதிலுக்கும் நடுவே ஏழை நெசவாளிகள் வீடு கட்டிக் குடியிருந்தார்கள். புதுப்பிக்கிறோம் என்று அவர்களைக் கிளப்பிவிட்டு, வீடுகளையும் தரைமட்டமாக்கினார்கள். அந்த ஊரில் வெளியேற்றம் புதிதில்லை. 1209இல் கதார் என்ற, கத்தோலிக்கத் திருச்சபை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினரை ஒடுக்க வந்த சிலுவைப்படை ஊர்சனத்தை ஏறக்குறைய உடுத்திய துணியோடு துரத்தியது. ஊரை ஆண்ட பிரபு ட்ரான்காவெல் சிறையிலேயே செத்தார். அவர் கதையை இன்றும் சொல்கிறார்கள். நெசவாளிகளைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

மதில்காவலன்: மதிலோடு ஒட்டிய குடிசைகளை வைத்துக்கொண்டு மதிலை எப்படிப் பழுதுபார்ப்பது அம்மா?

தறிக்காரி: எல்லாவற்றையும் இடிக்க வேண்டுமா? நாலு வீட்டை விட்டிருந்தால் எந்த மதில் விழுந்திருக்கும்? புதுப்பித்தவர்களுக்கு இடைக்காலம் மட்டும் போதும், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் குப்பை.

ஊர்சுற்றி: இதைத்தான் நானும் சொல்கிறேன். ஒரு காலத்தைக் காட்ட மற்றக் காலங்களைத் துடைத்துவிட்டார்கள்.

மதில்காவலன்: நீங்கள் சொன்னது கூரை நிறம். அந்த அம்மா சொல்வது வேறு. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கூரை விஷயத்தில் இன்னும் வியோலே-லெ-துக் பக்கம்தான்.