சில்வராடோ 5.3: லாங் டியூப் ஹெடருக்கு எந்த போல்ட் போடுவது?

கரிப்புகை
2006 சில்வராடோ (ஷெவர்லே பிக்கப்), 5.3 லிட்டர் வி8. புகை வெளியேற்றும் பழைய இரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு 304 ஸ்டெயின்லெஸ் லாங் டியூப் ஹெடர் (சிலிண்டருக்கு ஒன்றாக நீளக் குழாய்கள்) போடப்போகிறேன். பக்கத்துக்கு 6, மொத்தம் 12 போல்ட், எம்8×1.25 (8 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. மரை இடைவெளி). ஹெடரோடு வந்தவை 25 மி.மீ. நீளம், சிங்க் பூச்சு, கூடவே ஸ்பிரிங் வாஷர். இதற்குப் பதிலாக மிக வலுவான 12.9 கிரேடு ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) போட்டால் லூசாகாமல் நிற்குமா? அல்லது ஸ்டெயின்லெஸ் போல்ட் நல்லதா? ஹெடர் ஃபிளாஞ்சின் (ஹெட்டோடு ஒட்டும் தகடு) கனம் 9.5 மி.மீ. வலது பக்கம் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடைச்சுவர்) ஓரத்துப் போல்ட் ஏற்கெனவே தலை முறிந்து கிடக்கிறது.

மரைக்காரன்
12.9 தேவையில்லை. இந்த இன்ஜினுக்கு தயாரிப்பாளர் ஜி.எம். சொல்லும் டார்க் (முறுக்கு விசை) முதல் சுற்றில் 15, இரண்டாம் சுற்றில் 25 நியூட்டன் மீட்டர்தான். அலுமினிய ஹெட்டில் அதற்குமேல் முறுக்கினால் போல்ட் தாங்கிக்கொள்ளும், ஹெட்டின் மரைதான் உருவிக்கொண்டு வரும். ஆலன் தலையில் இன்னொரு தொல்லை: டியூப் குறுக்கே வருவதால் சாவி நேராக இறங்காது. துரு ஏறினால் குழி வட்டமாகிவிடும்.

சாதாரண ஸ்டெயின்லெஸ்ஸும் வேண்டாம் என்பேன். ஏ2-70 (வழக்கமான ஸ்டெயின்லெஸ் வகை) போல்ட் 450 மெகாபாஸ்கலில் இழுபடத் தொடங்கும். உலர்ந்த மரையில் 25 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் எம்8-இல் ஏறக்குறைய 430 வந்துவிடும். ஆன்டி-சீஸ் (மரை இறுகிச் சிக்காமல் இருக்கப் பூசும் களிம்பு) தடவினால் உராய்வு குறைந்து அதே முறுக்கில் 550-ஐத் தாண்டும், போல்ட் நீண்டுவிடும், இறுக்கம் போய்விடும். ஆகவே 10.9 கிரேடு, 10 மி.மீ. ஸ்பேனர் பிடிக்கும் சின்னத் தலை உள்ள ஹெடர் போல்ட் வாங்குங்கள். வழக்கமான 13 மி.மீ. தலையில் டியூப் இடிக்கும், ஸ்பேனர் முழுதாக உட்காராது, முனை வழுக்கும்.

ஓரத்து போல்ட்கள் முறிவதற்குக் காரணம் வலுக்குறைவு இல்லை, நகர்வு. முதல் சிலிண்டருக்கும் கடைசி சிலிண்டருக்கும் இடையே 335 மி.மீ. ஹெட் 100 டிகிரியிலும் ஃபிளாஞ்சு 300 டிகிரியிலும் இருப்பதாக வைத்தால், ஃபிளாஞ்சு 1.6 மி.மீ. நீளும், ஹெட் 0.6 மட்டும். மிச்ச 1 மி.மீ.-ஐ இரு ஓரங்களும் பங்கு போட்டு போல்ட்டைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. ஓரத்து ஓட்டைகள் நீள்வட்டமாக உள்ளனவா பாருங்கள். இல்லையென்றால் அவற்றை மட்டும் 10 மி.மீ.க்கு அரத்தால் நீட்டுங்கள். மேலே தடித்த, அகலமான வாஷர் வேண்டும்.

கேஸ்கெட்
நீளக் கணக்கைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபிளாஞ்சு 9.5, கேஸ்கெட் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) 1.5, வாஷர் 2.5, ஆக 13.5 போய்விடும். 25 மி.மீ. போல்டில் மிஞ்சுவது 11.5. அலுமினியத்தில் குறைந்தது 12, முடிந்தால் 16 மரைக்குள் போகவேண்டும். ஆகவே 30 மி.மீ. சரி. ஆனால் வாங்குமுன் ஒவ்வொரு ஓட்டையிலும் மெல்லிய குச்சி விட்டு ஆழம் அளந்துகொள்ளுங்கள். போல்ட் அடியில் முட்டினால் டார்க் ரெஞ்ச் க்ளிக் என்று சொல்லும், ஃபிளாஞ்சு மட்டும் பிடிப்பே இல்லாமல் நிற்கும். அந்த இடைவெளியில் புகை கசிந்து கசிந்து கேஸ்கெட்டைத் தின்றுவிடும்.

ஸ்பிரிங் வாஷரைத் தூக்கி எறியுங்கள், வெப்பத்தில் அதன் திமிர் போய்விடும். நைலான் நட்டும் வேண்டாம். பூட்ட வேண்டுமென்றால் நார்ட்-லாக் மாதிரி ஆப்பு வாஷர் ஜோடி (மேலே 2.5 என்றது அதுதான்), அல்லது தலையில் தகடு மாட்டிக் கிளிப் போடும் ஸ்டேஜ் 8 வகை. சிங்க் பூச்சு 419 டிகிரியில் உருகிவிடும். ஹெட்டுக்குள் அவ்வளவு சூடு வராது, ஆனால் வெளிப்புறத் தலையில் பூச்சு உரிந்ததும் துரு பிடிக்கும்.

போல்டுக்குப் பதில் ஸ்டட் (ஹெட்டில் திருகி விட்டு, மேலே நட் போடும் தண்டு) போடுவது பற்றி: மரைக்கு நல்லது, ஆனால் சில்வராடோவில் ஹெடரைச் சாய்த்துக் கீழிருந்து ஏற்றவேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட் இடம் தராது.

கரிப்புகை
நன்றி. ஓட்டை ஆழம் 20 மி.மீ.க்கு மேல் இருக்கிறது. முறிந்த போல்டை எப்படி எடுப்பது? மரைக்கு என்ன தடவுவது?

மரைக்காரன்
துண்டு வெளியே கொஞ்சம் நீட்டியிருந்தால் அதன்மேல் ஒரு எம்8 நட்டை வைத்து உள்வழியாக வெல்டு செய்யுங்கள். அந்தச் சூட்டிலேயே மரை இளகும். ஆறட்டும், பிறகு முன்னும் பின்னும் அசைத்துத் திருகுங்கள். உள்ளே புதைந்திருந்தால் நடுவில் பஞ்ச் அடித்து இடது சுற்று டிரில் (கழற்றும் திசையில் சுழல்வது). ஈசி-அவுட் (துளைக்குள் திருகி முறிந்த துண்டை இழுக்கும் கடின எஃகுக் கருவி) வேண்டாம், அது உடைந்தால் டிரில் ஏறாது. மரையைப் புதிதாக வெட்டும் டேப்பைத் தவிர்த்து, சுத்தம் செய்யும் சேஸரை மட்டும் ஓட்டுங்கள்.

நிக்கல் ஆன்டி-சீஸ், மெலிதாக. அதோடு த்ரெட்லாக்கர் (மரையை ஒட்டிப் பூட்டும் பசை) சேர்க்காதீர்கள், ஒன்று மற்றொன்றை வீணாக்கும். சாதாரண நீல வகை 180 டிகிரிக்கு மேல் பிடி விடும். ஆன்டி-சீஸ் போட்டதால் கடைசி டார்க் 20 போதும்.

12 போல்டையும் முதலில் விரலால் பாதி ஏற்றுங்கள், எல்லாம் நுழைந்த பிறகே ரெஞ்ச். நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றி: 10, 15, 20. கலெக்டர் (ஹெடர் குழாய்கள் ஒன்றுசேரும் முனை) இணைப்பை அதுவரை லூசாகவே விடுங்கள், பைப்பின் கனம் ஓரத்து போல்டில் தொங்கக்கூடாது. ஒருமுறை சூடாகி முழுதாக ஆறியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள், 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை. சூடாக இருக்கும்போது மட்டும் கை வைக்காதீர்கள்.