புதுப்பிப்பு: பிரீமியர் பத்மினி காரின் பிரேக்கில் கடைசியாக எந்த வால்வு போட்டேன்

முதலில் கேட்டது இதுதான்: நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருந்த பத்மினிக்கு முன்னால் டிஸ்க் பிரேக் மாற்றியதும், கொஞ்சம் அழுத்தி மிதித்தாலே பின் சக்கரம் முந்திக்கொண்டு லாக் ஆகி (சுழலாமல் நின்று) வண்டி வாலை ஆட்டியது. காம்பினேஷன் வால்வு (பல பிரேக் வால்வுகள் ஒன்றாகச் சேர்ந்தது) போடச் சொன்னவர்களே அதிகம். போடவில்லை. அதற்குள் இருக்கும் புரபோர்ஷனிங் அளவு, அதாவது பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை எவ்வளவு குறைப்பது என்பது, வேறொரு காரின் எடைக்கும் டயருக்கும் வைத்தது, நம் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது. பின் பிரேக் லைனில் மட்டும் திருகு வைத்த புரபோர்ஷனிங் வால்வு போட்டேன். (இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள், பின் பிரேக் பேருக்குத்தான் இருக்கும்.)

பின்பக்க அழுத்தத்தை முடிந்தவரை குறைத்துவிட்டு, காலி மைதானத்தில் 40 கிமீ வேகத்தில் நான் மிதிக்க, வெளியே நின்ற தம்பி எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல, திருகை அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். பின் சக்கரம் முந்தியதும் ஒரு சுற்று குறைத்து நிறுத்திவிட்டேன். இப்போது முன் சக்கரம்தான் முதலில் லாக் ஆகிறது, வண்டி நேராக நிற்கிறது.

அப்புறம், முன் டிஸ்க் சூடாகிறது என்று புலம்பினேனே, அது தனிக் கதை. மிதித்ததும் பிரேக் எண்ணெயைத் தள்ளும் பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரில் முன் லைனுக்குப் போகும் வழியில் இருந்த ரெசிடுவல் வால்வு, காலை எடுத்த பிறகும் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தது. கழற்ற அரை மணி நேரம், கண்டுபிடிக்க மூன்று வாரம். பின் சீட்டில் ஆள் ஏற்றி இன்னும் பார்க்கவில்லை, அது ஞாயிற்றுக்கிழமை.