யாழ்ப்பாணத்தில் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை: தடை வெட்கமா, தூரமா?

வடமராட்சி வாசகர்:
பகுதிக்குப் பகுதி கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏன் வேறுபடுகிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெண்களின் உடல்நலத்தைச் சோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் இலங்கையில் 1996 முதல் இயங்குகிறது. கருப்பைக் கழுத்தின் கலங்களைச் சோதிக்கும் பாப் பரிசோதனைக்கு ஒரு சதமும் வாங்குவதில்லை. தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு ஒரு பெண் போகவில்லை என்றால் காரணம் வெட்கம்தான். திருத்த வேண்டியது நம் வீடுகளை.

தீவகத்தாள்:
பழியைப் பெண்ணின் தலையில் கட்டாதீர்கள். கிளினிக்குகள் தொடங்கிய 1996ஐ நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்தைய ஒக்டோபரில்தான் போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தது. அப்போது 35 வயதாயிருந்த பெண்ணுக்கு 45 ஆகும்போது 2006. அந்த ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டது. பரிசோதிக்க வேண்டிய அந்த இரண்டு வயதுகளும் அவருக்குப் போரிலேயே கழிந்தன. இன்று அறுபதைத் தாண்டிய அந்தத் தலைமுறையை யார் தேடிப் போகிறார்கள்?

நெடுந்தீவுப் பெண்ணின் பரிசோதனையில் மாற்றம் தெரிந்தால், மேலதிகச் சோதனைக்குப் படகேறிக் குறிகட்டுவான் வந்து, பஸ் பிடித்து யாழ் நகருக்குப் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. 2022இல் உலகில் ஏறத்தாழ 3,50,000 பெண்கள் இந்நோயால் இறந்தார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட இறப்புகள் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். அந்தப் பெண்கள் எல்லோரும் வெட்கத்தாலா இறந்தார்கள்?

வடமராட்சி வாசகர்:
தீவுகளுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். என் மூத்த அக்காவுக்கு மருத்துவமனை நடந்து போகும் தூரம். மாதவிடாய் நின்று ஆண்டுகள் கழிந்தபின் இரத்தம் பட்டதை மாதக்கணக்காக எவரிடமும் அவர் சொல்லவில்லை. "பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்" என்றார். இதற்கு எந்தப் படகு விடுவீர்கள்?

ஓய்வுபெற்ற தாதி:
ஒன்றைக் கவனியுங்கள். பதிவேட்டில் எண்ணிக்கை குறைந்த பகுதியில் நோய் குறைவு என்று முடிவு கட்ட முடியாது. தேடாத இடத்தில் பதிவு எப்படி வரும்? இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தொற்று புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும். அந்த இடைவெளியில் பிடித்துவிட்டால் சிறு சிகிச்சையோடு முடிந்துவிடும்.

பெண்ணே தன் மாதிரியை எடுத்துக் கொடுக்கும் எச்.பி.வி. சோதனையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2022 முதல் அந்தத் தெரிவு பரிசோதனைக்குரிய எல்லாப் பெண்களுக்கும் உண்டு. கிளினிக் கட்டிலில் படுக்கத் தேவையில்லை. குடும்ப நல உத்தியோகத்தர் வீட்டுக்கே கொண்டுபோகலாம். இந்த வைரஸுக்கான தடுப்பூசியோ இலங்கையில் 2017இல்தான் ஆறாம் தரச் சிறுமிகளுக்கு வந்தது. அவர்களின் தாய்மாருக்கு இப்போதும் பரிசோதனைதான் காவல்.

வடமராட்சி வாசகர்:
வீட்டு வாசலுக்கு வந்தாலும் மாமியார் முன்னால் அதை வாங்க ஒரு மருமகள் துணிய வேண்டுமே. முதலில் ஆண்களோடு பேசுங்கள்.

தீவகத்தாள்:
பேசுங்கள், நல்லது. ஆனால் நீங்கள் பேசி முடிக்கும்வரை எங்கள் தீவுக்குச் சோதனை வருவதை நிறுத்தி வைக்காதீர்கள்.