'ஃபிலடெல்ஃபியா' யாருடைய படம்? சாகிறவருடையதா, பயந்தவருடையதா?

பின்வரிசை:
நேற்று இரவு 'ஃபிலடெல்ஃபியா'வை மறுபடி பார்த்தேன். 1993ல் ஜொனாதன் டெம்மி இயக்கிய படம். பார்க்காதவர்களுக்காகக் கதை: ஆண்ட்ரூ பெக்கெட் (டாம் ஹாங்க்ஸ்) ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் மளமளவென்று மேலே வந்துகொண்டிருக்கும் வக்கீல். தன்பாலீர்ப்பாளர், எய்ட்ஸ் நோயாளி. இரண்டையும் அலுவலகத்தில் சொல்லவில்லை. எய்ட்ஸால் நெற்றியில் வந்த தோல் படையை முதலாளிகளில் ஒருவர் கவனித்துவிடுகிறார். கொஞ்ச நாளில் ஆண்ட்ரூ தயாரித்த முக்கியமான மனு ஒன்று காணாமல் போய், கெடு முடியும் நேரத்தில் கிடைக்கிறது. அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். அவருக்காக வழக்காட யாரும் முன்வருவதில்லை. கடைசியில் வருகிறவர் ஜோ மில்லர் (டென்சல் வாஷிங்டன்). விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் நடத்துகிறவர், தன்பாலீர்ப்பாளர்கள் என்றாலே முகம் சுளிக்கிறவர்.

முதல் தடவை பார்த்தபோது அழுதேன். இந்தத் தடவை கோபம்தான் வந்தது. சாகிறவர் ஆண்ட்ரூ, ஆனால் படம் முழுக்க நாம் ஜோவின் தோள் வழியாகத்தான் அவரைப் பார்க்கிறோம். ஆண்ட்ரூவின் துணைவர் மிகேல் (அன்டோனியோ பண்டேராஸ்) கூடவே இருக்கிறார், ஆனால் அவருக்கென்று என்ன பேச வைத்தார்கள்? இருவரும் ஒரு விருந்தில் சேர்ந்து ஆடுகிறார்கள், அதற்கு மேல் படத்துக்குத் தைரியம் இல்லை. பெற்றோர், அண்ணன் தம்பி, அக்கா என்று குடும்பத்தில் ஒருவர்கூட ஒரு நொடி தயங்குவதில்லை. எத்தனை பேருக்கு அப்படி வீடு வாய்த்தது? எய்ட்ஸ் போராட்டத்தை முன்னின்று நடத்திய நாடக ஆசிரியர் லாரி கிராமர் அப்போதே இந்தப் படத்தைக் கடுமையாகத் திட்டி எழுதினார். அவர் கோபம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

இன்னொன்று, நிஜ வழக்கு. ஜெஃப்ரி பவர்ஸ் என்ற நியூயார்க் வக்கீலை 1986ல் இப்படித்தான் வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் 1987ல் இறந்துவிட்டார். ஐந்து லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்ன முடிவு வந்தது 1993 டிசம்பரில், படம் வெளியான அதே மாதம். படத்தில் ஆண்ட்ரூ ஆஸ்பத்திரியில் இருந்தாலும் ஜெயித்த செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் சாகிறார். பவர்ஸுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. தங்கள் மகன் கதையை எடுத்துக்கொண்டார்கள் என்று அவர் குடும்பம் படக்காரர்கள் மேல் வழக்குப் போட்டு, 1996ல் சமரசமாக முடிந்தது.

மழைக்காதலி:
பின்வரிசை, பவர்ஸ் பற்றி நீங்கள் சொன்னது மனதை என்னவோ செய்கிறது. ஆனால் ஜோவைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1993ல் அந்தத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தது யார்? பக்கத்து இருக்கைக்காரருக்கு எய்ட்ஸ் என்று தெரிந்தால் எழுந்து போயிருக்கக்கூடியவர்கள். கூட்டு மருந்து சிகிச்சை 1996ல்தான் வந்தது. அதுவரை அந்த வியாதியின் பெயரே சாவுதான். அந்தப் பயத்தை வெளியே நிறுத்திவிட்டுப் படம் எடுத்திருந்தால், ஏற்கெனவே மனம் மாறியவர்கள் மட்டும்தான் டிக்கெட் வாங்கியிருப்பார்கள்.

ஜோவின் கையை மட்டும் பாருங்கள். ஆண்ட்ரூ முதன்முதலில் அவர் அலுவலகத்துக்கு வரும்போது கை குலுக்குகிறார். எய்ட்ஸ் என்று கேட்டதும் ஜோ பின்வாங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு ஆண்ட்ரூ மேஜையில் எதைத் தொட்டாலும் ஜோவின் கண் அங்கேயே போகிறது. அவருக்குக் குழந்தை பிறந்து சில நாள்தான் ஆகிறது. ஆண்ட்ரூ போனதும் நேராக டாக்டரிடம் ஓடுகிறார். அதே ஜோ கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆண்ட்ரூவின் ஆக்சிஜன் முகமூடியைத் தன் கையால் சரிசெய்கிறார். வசனமே தேவைப்படவில்லை. இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் உள்ள தூரம்தான் எனக்குப் படம்.

பின்வரிசை:
அந்தக் கைக் காட்சி அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஒருவர் செத்துத்தான் இன்னொருவர் கை கூசாமல் தொடக் கற்க வேண்டுமா? ஆண்ட்ரூ ஆண்ட்ரூவாகவே இருக்கும் காட்சி எனக்குத் தெரிந்து ஒன்றுதான். மரியா காலஸ் பாடிய ஓபராவைப் போட்டுவிட்டு, மருந்து ஏறும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி ஜோவுக்கு வரி வரியாக விளக்குகிறாரே, அது. அந்தச் சில நிமிஷம் அவர் வழக்கு இல்லை, நோயாளி இல்லை, யாருக்கும் பாடம் இல்லை. அந்த மனிதரோடு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்க வேண்டும் என்கிறேன்.

கருப்பு கவுன்:
நான் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவன். நீங்கள் இருவரும் கையைப் பார்க்கிறீர்கள், நான் கேஸ் கட்டைப் பார்க்கிறேன்.

எந்த முதலாளியும் 'உனக்கு எய்ட்ஸ், அதனால் போ' என்று எழுதிக் கொடுக்க மாட்டார். 'வேலை சரியில்லை' என்றுதான் எழுதுவார். நாங்கள் நீதிமன்றத்தில் மல்லுக்கட்டுவது அந்த எழுதாத காரணத்தோடுதான். அதை இந்தப் படம் அளவுக்கு வேறு எதுவும் காட்டி நான் பார்த்ததில்லை. அதனால்தான் வழக்கே, அந்த நெற்றிப் படை முதலாளிகள் கண்ணில் பட்டிருக்குமா என்பதில் வந்து நிற்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் பெலிண்டா (மேரி ஸ்டீன்பர்கன்) ஒரு கண்ணாடியை நீட்டி, உங்கள் முகத்தில் இப்போது படை தெரிகிறதா என்று கேட்கிறார். இல்லை என்றுதான் ஆண்ட்ரூ சொல்ல முடிகிறது. அந்த நிமிஷம் வழக்கு முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஜோ எழுந்து, வேலையை விட்டு நீக்கிய சமயத்தில் முகத்தில் இருந்தது போன்ற படை உடம்பில் வேறு எங்காவது இப்போது இருக்கிறதா என்று கேட்டுச் சட்டையைத் திறக்கச் சொல்கிறார். அதே கண்ணாடி. குறுக்கு விசாரணை முடிந்ததும் தன் சாட்சியிடம் வக்கீல் திரும்பக் கேட்பதுதான் மறுவிசாரணை. நல்ல மறுவிசாரணை என்றால் அதுதான்.

ஜூரி அறையும் அப்படித்தான். ஆண்ட்ரூ சுமாரான வக்கீல், ஊக்கப்படுத்தத்தான் பெரிய வழக்கைக் கொடுத்தோம் என்பது நிறுவனத்தின் கதை. ஜூரியில் ஒருவர் கேட்கிறார்: பல கோடி டாலர் விமானத்தை எதிரி நாட்டுக்குள் அனுப்ப வேண்டுமென்றால் கற்றுக்குட்டியையா உட்கார வைப்பேன், என்னிடம் உள்ள சிறந்த விமானியை அல்லவா? அதோடு நிறுவனத்தின் கதை உடைந்துபோகிறது.

நிஜ வழக்கு பவர்ஸுடையது மட்டுமில்லை. ஃபிலடெல்ஃபியாவிலேயே கிளாரன்ஸ் கெய்ன் என்ற வக்கீலை 1987ல் எய்ட்ஸுக்காக நீக்கினார்கள். 1990ல் பெடரல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, பென்சில்வேனியா மாநிலச் சட்டத்தின் கீழ். படத்தில் நூலகத்தில் வாசிக்கிறார்களே, 1973ம் வருஷத்து மறுவாழ்வுச் சட்டம், அதன் தடை மத்திய அரசுப் பணம் வாங்கும் இடங்களைத்தான் கட்டுப்படுத்தும். ஒரு தனியார் சட்ட நிறுவனத்துக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதைப் படம் தாண்டிப் போய்விடுகிறது. அது ஒரு குறைதான்.

பின்வரிசை:
சார், அந்த விமானி வாதம்தான் எனக்கு முள் மாதிரி குத்துகிறது. ஆண்ட்ரூ கெட்டிக்காரர், அதனால் ஜெயித்தார். நிஜமாகவே சுமாரான வக்கீலாக இருந்திருந்தால்? மாதம் ஒரு தப்பு செய்கிற சாதாரண குமாஸ்தாவாக இருந்திருந்தால்? அவரை எய்ட்ஸுக்காகத் துரத்திவிட்டு 'வேலை சரியில்லை' என்று சொன்னால் அந்த ஜூரி நம்பியிருக்கும். வியாதி வந்தவர் நாற்காலியைக் காப்பாற்ற ஊரிலேயே சிறந்தவராக இருக்க வேண்டும் என்று படம் சொல்லாமல் சொல்கிறது.

கருப்பு கவுன்:
இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. சட்டம் அப்படிக் கேட்பதில்லை. அந்த வேலைக்குத் தகுதி இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்கும். படத்தில் அவர்கள் வாசிக்கும் முன்தீர்ப்பு ஆர்லைன் வழக்கு. ஃப்ளோரிடாவில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, காசநோய் திரும்பத் திரும்ப வந்ததால் 1979ல் நீக்கப்பட்டவர். தொற்றுவியாதி வந்தவருக்கும் பாதுகாப்பு உண்டு, மற்றவர்களின் பயமும் ஒரு ஊனம்தான் என்று 1987ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் சிறந்த ஆசிரியையா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் நிரூபிப்பது என்று வரும்போது, ஆமாம், பாராட்டுக் கடிதம் வைத்திருப்பவர் கட்டுதான் கனமாக இருக்கிறது.

திருச்சி பாசஞ்சர்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஆர்லைன், காசநோய் என்றதும் எழுதத் தோன்றியது. பின்வரிசை சொன்ன அந்தச் சாதாரண குமாஸ்தா நான்தான்.

2011ல் எனக்குக் காசநோய். ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். மருந்து ஆரம்பித்துச் சில வாரத்தில், இனி யாருக்கும் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சான்றிதழ் கொடுத்தார். போனேன். என் டம்ளரைத் தனியாக வைத்திருந்தார்கள். மேனேஜர் கூப்பிட்டு, 'பின்னாடி ஸ்டோர் ரூம்ல காத்தோட்டமா இருக்கும், உங்களுக்கும் வசதி' என்றார். மூன்று மாதத்தில் ராஜினாமா எழுதி வாங்கினார்கள். காரணம், கணக்கில் இரண்டு தவறு. தவறு நிஜமாகவே நான் செய்ததுதான். அதனாலேயே வாயைத் திறக்க முடியவில்லை.

படத்தில் நூலகர் ஆண்ட்ரூவிடம் தனி அறை இருக்கிறது, அங்கே உங்களுக்கு வசதியாக இருக்குமே என்கிறார். உங்களுக்கு வசதியாக இருக்குமா என்று ஆண்ட்ரூ திருப்பிக் கேட்கிறார். அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

மழைக்காதலி:
அண்ணா, இதை எழுதியதற்கு நன்றி. உங்கள் மேஜையைச் சுற்றி இருந்தவர்களைத்தான் யோசிக்கிறேன். யாராவது ஒருவருக்காவது நடப்பது புரிந்திருக்கும், இல்லையா?

படத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். பாப் சைட்மன் என்ற பங்குதாரர். ஆண்ட்ரூவுக்கு எய்ட்ஸ் என்று சந்தேகப்பட்டேன், ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டேன், அதற்காக வருந்துகிறேன் என்று கூண்டில் ஒப்புக்கொள்கிறார். நடித்தவர் ரான் வாட்டர். அவருக்கே எச்.ஐ.வி. இருந்தது. 1994ல் இறந்துவிட்டார். அது தெரிந்த பிறகு அந்தச் சாட்சியத்தை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

திருச்சி பாசஞ்சர்:
புரிந்தவர் ஒருவர் இருந்தார். மதியம் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்கு வந்து என்னோடு சாப்பிடுவார். மேனேஜரிடம் பேசியதில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

கருப்பு கவுன்:
பாசஞ்சர், உங்கள் நிலைமையில் இங்கே சட்டமும் பாதிதான் உதவுகிறது. எச்.ஐ.வி. உள்ளவரை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று 2017ல் தனிச் சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் அமலானது. காசநோய் அதற்குள் வராது. இனி யாருக்காவது இப்படி நடந்தால் ஒன்று சொல்லுங்கள்: ராஜினாமாவில் கையெழுத்துப் போடாதீர்கள். நீக்குவதானால் அவர்களே காரணம் எழுதி நீக்கட்டும். டாக்டர் சான்றிதழைக் கொடுத்த தேதிக்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.

பின்வரிசை:
மிகேலுக்குப் பேச்சு இல்லை என்ற என் குறை அப்படியே இருக்கிறது. விமானி வாதமும் குத்திக்கொண்டேதான் இருக்கிறது, பாசஞ்சர் எழுதியதைப் படித்த பிறகு இன்னும் அதிகமாக.

ஆனால் அந்த நூலகக் காட்சியை நேற்று நான் சரியாகவே கவனிக்கவில்லை. ஜோ புத்தக அடுக்குக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான் நினைவிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனாரே, அவர் முகம் நினைவில் இல்லை. அதை மட்டும் இன்று இரவு மறுபடி போட்டுப் பார்க்கிறேன்.