குக் டவுனில் கணப்புடன் ஒரு பழைய வீடு: வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

செங்காவித்தரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் கணவரும் ஒன்றரை ஆண்டுகளாகப் பெங்களூரில் தனி வீடு தேடி வருகிறோம். குக் டவுனில் ஒரு பழைய வீடு இப்போது அமைந்திருக்கிறது. செங்காவித் தரை, மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரை, முன்புறம் மங்களூர் ஓடு வேய்ந்த தாழ்வாரம் என்று, உள்ளே நுழைந்தவுடனே மனத்துக்குப் பிடித்துப்போன வீடு. பத்திரம், கத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு), வில்லங்கச் சான்று ஆகியவற்றை வழக்கறிஞர் பார்த்துக்கொண்டிருக்கிறார்; அவற்றைப் பற்றி நான் இங்கே கேட்கவில்லை. எங்களைக் குழப்புவது கூடத்தில் இருக்கும் கணப்புதான், அதாவது குளிர்காய விறகு எரிக்கும் சுவரடுப்பு.

வெள்ளைக்காரர் காலத்துக் கணப்புக் குழிக்குள், இப்போதைய உரிமையாளர் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த இரும்புப் பெட்டி ஒன்றைப் பொருத்தியிருக்கிறார். கண்ணாடிக் கதவு, சாம்பல் தட்டு, காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு தள்ளுகோல், வெப்பத்தைக் கூடத்துக்குள் தள்ள ஒரு சிறு விசிறி என எல்லாம் இருக்கின்றன. இதற்கு இன்செர்ட் என்று பெயராம். வீட்டின் விலையில் இதற்கும் சேர்த்தே கேட்கிறார்கள் என்பதைத் தரகர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

நாங்கள் கவனித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கதவின் உட்புறம் கன்னங்கரேலென்று இருக்கிறது. கணப்புக்கு மேலே, கூரையை ஒட்டிய சுவரில் தேநீர் கொட்டிக் காய்ந்தது போன்ற ஒரு பழுப்புக் கறை படர்ந்திருக்கிறது. இரண்டாம் முறை போனது இரவு முழுவதும் மழை பெய்திருந்த ஒரு காலையில். அன்று கூடத்தில் தார் காய்ச்சிய இடத்தில் நிற்பது போன்ற வாடை அடித்தது. நான்கு ஆண்டுகளாக யாரும் அதை மூட்டவில்லை என்கிறார் உரிமையாளர். என் மாமியாருக்கு மூச்சிழுப்பு உண்டு; அவர் எங்களோடுதான் இருப்பார். முன்பணம் கொடுப்பதற்கு முன் நாங்கள் எதைப் பார்க்க வேண்டும், இந்தப் பெட்டிக்கென்று தனியாக விலை கொடுப்பது நியாயமா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கொத்தனார் மகன் எழுதியது:

வணக்கம் அம்மா. என் தந்தையார் ஃபிரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கத்துப் பழைய பங்களாக்களில் சுண்ணாம்புக் காரை வேலை செய்தவர். நானும் இருபது ஆண்டுகளாக அதே தொழிலில்தான் இருக்கிறேன். தரகர் உங்களுக்குக் காட்டுவது பெட்டியை. நீங்கள் பார்க்க வேண்டியது, பெட்டிக்கு மேலே சுவருக்குள் மறைந்து மொட்டைமாடிக்கு மேல் தலை நீட்டும் புகைபோக்கியை. பெட்டி கெட்டால் மாற்றிவிடலாம். புகைபோக்கி கெட்டிருந்தால் வீட்டுக்கே ஆபத்து.

பழைய கணப்பு திறந்த வாயுடையது. அதில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகையோடு சேர்ந்து மேலே போய்விடும். அதனால் புகைபோக்கியின் உட்சுவர் எப்போதும் சூடாகவே இருக்கும், புகையும் வேகமாக வெளியேறிவிடும். இன்செர்ட் அப்படியல்ல. அது வெப்பத்தைப் பிடித்து வீட்டுக்குள் தருவதற்காகவே செய்யப்பட்டது என்பதால் குறைந்த அளவு புகையை, குறைந்த வெப்பத்தில், மெதுவாக மேலே அனுப்புகிறது. இந்தப் புகைக்கு ஏற்ற அளவில், பெட்டியின் வாயிலிருந்து புகைபோக்கியின் உச்சிவரை துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒன்றை, அதாவது லைனரை, இறக்கியிருக்க வேண்டும். இவ்வகைப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் 6 அங்குல விட்டமுள்ள குழாய் போதும். அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 28 சதுர அங்குலம். ஆனால் நான் பார்த்த பழைய புகைபோக்கிகளில் பல 9 அங்குலச் சதுரம் கொண்டவை. பரப்பு 81 சதுர அங்குலம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு பரப்புள்ள அந்தக் குகைக்குள் லைனர் இல்லாமல் புகையை விட்டால், அது சோம்பிப்போய், குளிர்ந்து, சுவரில் தாராகப் படியும். மழைநாளில் உங்களுக்கு வந்த வாடை அந்தத் தார் நனைந்த வாடையாகத்தான் இருக்க வேண்டும். பழுப்புக் கறையும் அதே கதையைத்தான் சொல்கிறது: உச்சியில் மூடி இல்லாமல் மழைநீர் உள்ளே இறங்கி, தாரைக் கரைத்துக்கொண்டு, காரை உதிர்ந்த மூட்டு வழியாகச் சுவருக்கு வந்திருக்கிறது.

இதில் எனக்குக் கவலை தருவது கறை இருக்கும் உயரம். மெட்ராஸ் டெரஸில் தேக்கு உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் செருகப்பட்டிருக்கும். உத்திரத்தின் முனை ஒன்று புகைபோக்கிக்கு அருகில் இருந்து, நடுவிலுள்ள காரையும் உதிர்ந்துபோயிருந்தால், சூடு நேராக மரத்தைத் தொடும். பல ஆண்டுகள் தொடர்ந்து சூடேறிய மரம் மெல்லக் கரியாகி, புது மரம் தீப்பற்றாத குறைந்த வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கழிவுநீர்க் குழாய் அடைப்பைப் பார்க்கக் கேமரா வைத்திருக்கும் பிளம்பர் யாரையாவது அழைத்துப் போங்கள். மேலிருந்து கேமராவை இறக்கினால் அரை மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும். வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் இதைப் பார்க்கமாட்டார். அவருக்குச் சதுர அடிக் கணக்கே போதும்.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

வணக்கம். நாங்கள் ரொறொன்ரோவில் இன்செர்ட் உள்ள வீட்டை வாங்கி ஒன்பது குளிர்காலங்களைக் கடந்தவர்கள். இங்கே விறகடுப்பு உள்ள வீட்டுக்குக் காப்புறுதி கேட்டால், வெற் (WETT) என்னும் விறகடுப்புப் பயிற்சி அமைப்பின் சான்றிதழ் பெற்ற ஒருவர் வந்து பார்த்துத் தந்த அறிக்கையைப் பல நிறுவனங்கள் கேட்கும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் வெளியிடும் என்.எஃப்.பி.ஏ. 211 விதித்தொகுப்பும் ஒரு வீடு கைமாறும்போது புகைபோக்கியின் உட்புறத்தைக் கேமரா விட்டுப் பார்க்கும் இரண்டாம் நிலைச் சோதனையைச் சொல்கிறது. மேலே நண்பர் சொன்னதும் அதுவேதான். அதே தொகுப்பின்படி, புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர்ந்திருக்க வேண்டும். சுற்றிலும் 10 அடிக்குள் உள்ள எதையும்விட 2 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். மொட்டைமாடியில் பின்னர் வைத்த தண்ணீர்த் தொட்டி அந்த 10 அடிக்குள் இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள்.

பெட்டியில் பொதுவாக ஓர் உலோகத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். சில வகைகளில் சாம்பல் தட்டை வெளியே இழுத்தால்தான் தெரியும். தயாரித்த நிறுவனம், மாதிரி எண், மணிக்கு எத்தனை கிராம் புகைத்துகள் வெளியேறும் என்ற அளவு எல்லாம் அதில் இருக்கும். வட அமெரிக்காவில் வாங்கிய பெட்டியாக இருந்தால் இந்த அளவைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை பெரும்பாலான பெட்டிகளுக்கு 2015 வரை மணிக்கு 7.5 கிராம் என்று வைத்திருந்த வரம்பை அந்த ஆண்டில் 4.5 ஆகவும், 2020 மே மாதத்தில் 2 கிராமாகவும் இறக்கியது. பன்னிரண்டு ஆண்டுப் பழைய பெட்டி முதல் வரம்பின் காலத்தது. அதற்குப் புதுப் பெட்டியின் விலையைக் கேட்பது நியாயமில்லை.

கதவின் இறுக்கத்தைப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. கதவுக்கும் சட்டத்துக்கும் இடையில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைப் பூட்டி, நோட்டை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால், காற்று புகாதபடி கதவைச் சுற்றிப் பதித்த அடைப்புக் கயிறு தேய்ந்துவிட்டது என்று பொருள். நாலு பக்கமும் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் கீல் பக்கத்தில் மட்டும் நோட்டு வழுக்கியது. கண்ணாடி கறுத்திருப்பதற்குப் பெரும்பாலும் ஈர விறகே காரணம். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதை அளக்கச் சிறு கருவி கிடைக்கிறது. தார் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் படிந்துவிட்டால் துப்புரவு செய்யாமல் தீ மூட்டக் கூடாது. அந்தத் தார் பற்றிக்கொண்டால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 பாகை செல்சியஸைக்கூடத் தாண்டலாம்; எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்படிப் பற்றியபோது, ரயில் போவதுபோன்ற இரைச்சல் நாலு வீடு தள்ளியும் கேட்டது.

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். மற்றவர்கள் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிவிட்டார்கள். எதற்கு என்பதை நான் கேட்கிறேன். இந்த ஊரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை, அதுவும் 1884 ஜனவரியில். இப்போது மார்கழி, தை மாத இரவுகளில்கூடச் சராசரியாக 15, 16 பாகைக்குக் கீழே போவதில்லை. ஒரு ஸ்வெட்டரும் கம்பளியும் தீர்த்துவைக்கும் குளிருக்கு ஒரு கூடத்தையே சூளையாக்க வேண்டுமா?

குளிர் குறைவு என்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. புகைபோக்கி புகையை மேலே இழுப்பது உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளியே இருக்கும் குளிருக்கும் உள்ள வேறுபாட்டால்தான். கனடாவில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருக்கும்போது இழுவை பலமாக இருக்கும். பெங்களூரில் அந்த வேறுபாடு குறைவு. எங்கள் உறவினர் ஒருவர் இங்கேயே ஒரு பழைய வீட்டில் இதே போன்ற கணப்பை ஒரு கிறிஸ்துமஸ் மாலையில் மூட்டினார். விறகு நன்றாகவே எரிந்தது. அடுக்களையில் யாரோ வறுவலுக்காக மின்புகைபோக்கியைப் போட்டதும், இரண்டே நிமிடத்தில் கூடம் முழுவதும் புகை. மணிக்கு 1,000 கன மீட்டருக்கு மேல் காற்றை இழுக்கும் என்று சொல்லி விற்கப்படும் அந்தக் கருவிக்கு, சன்னல்களை எல்லாம் சாத்திய வீட்டில் காற்று எங்கிருந்து வரும்? கணப்பின் வழியாகத்தான் இறங்கி வரும். கண்ணுக்குத் தெரியும் புகையாவது எச்சரிக்கும். தணல் அடங்கும் நேரத்தில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூட்டுவதாக இருந்தால் அதற்கான அலாரம் கூடத்திலும் படுக்கையறை வாசலிலும் கட்டாயம் வேண்டும்.

இழுப்பு உள்ள பெரியவர் இருக்கும் வீட்டில் கணப்பை மூட்டவே வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கதவைத் திறந்து விறகு போடும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் புகை வீட்டுக்குள் வரத்தான் செய்யும். வீட்டை விட்டுவிடாதீர்கள், பெட்டிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

செங்காவித்தரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கொத்தனாரையும் பிளம்பரையும் அழைத்துக்கொண்டு போனோம். புகைபோக்கியின் உச்சியில் மூடி இல்லை. உடைந்த கடப்பைக் கல் ஒன்று பாதி வாயை மறைத்துக் கிடந்தது, அதன் கீழே மைனா கூடு கட்டியிருந்தது. கேமரா இறங்க இறங்க, சுவர் கறுத்து, பீங்கானுக்கு மெருகு பூசியதுபோல் பளபளத்தது. லைனர் எங்கும் இல்லை. பழுப்புக் கறை இருக்கும் அதே உயரத்தில் மூன்று வரிசைச் செங்கற்களுக்கு இடையில் காரையே காணோம். கொத்தனார் கூரைப் பக்கத்தில் கொஞ்சம் காரையைத் தட்டிப் பார்த்தார். உத்திரத்தின் முனை அங்கிருந்து நாலு விரற்கடை தூரத்தில்தான் இருக்கிறது. மரம் கறுத்திருந்தது, ஆனால் உளி இறங்காத அளவுக்கு உறுதியாகவும் இருந்தது.

பத்து ரூபாய் நோட்டு நாலு பக்கமும் வழுக்கியது!

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த தரகர், படத்தைப் பார்த்த பிறகு உரிமையாளரிடம் தொலைபேசியில் பேசினார். பெட்டிக்கான தொகையை விலையிலிருந்து கழித்துவிட்டார்கள். உத்திரப் பக்கத்துப் பழுதுக்கும் ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். வீட்டை வாங்குகிறோம், கணப்பை மூட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பெட்டியை எடுத்துவிட்டுப் புகைபோக்கியை மேலும் கீழும் சிமெண்டு வைத்து அடைத்துவிடலாமா என்பது மட்டும் இனித் தெரிய வேண்டும்.

கொத்தனார் மகன் எழுதியது:

அடைத்துவிடாதீர்கள் அம்மா. இரண்டு பக்கமும் அடைபட்ட புகைபோக்கிக்குள் ஈரம் தங்கும்; தார் ஊறி, கறை இன்னும் பெரிதாகும். மேலே மழை உள்ளே விழாத, ஆனால் பக்கவாட்டில் காற்று போகும் மூடி ஒன்றைப் போடுங்கள்; கீழே கணப்பு வாயை அடைக்கும் பலகையில் ஒரு சிறு காற்றுத்துளை விடுங்கள். மெருகுபோல் இறுகிய தார் பிரஷ்ஷுக்கு வராது. சுழலும் சங்கிலி கட்டித்தான் உதிர்க்க வேண்டும். இனித் தீ மூட்டப்போவதில்லை என்பதால் உதிர்ந்தவரை போதும். காரை போன மூட்டுகளுக்குச் சுண்ணாம்புக் காரையே வையுங்கள். பழைய செங்கல்லுக்குச் சிமெண்டு மிகவும் கடினம், அது செங்கல்லின் முகத்தையே பிளந்துவிடும். உத்திரத்தின் கறுத்த முனையைச் சுரண்டிப் பார்த்து, உள்மரம் நிறம் மாறாமல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம்.

பெட்டி 150 கிலோவுக்குக் குறையாது. நாலு ஆள் வேண்டும். தரையில் பலகை விரித்து, அதன்மேல் இரும்புக் குழாய்களை உருட்டி நகர்த்தச் சொல்லுங்கள். இழுத்துப் போகவிட்டால் செங்காவியில் கீறல் விழும். இப்போதைய சிவப்புப் பொடியை வைத்து அந்த நிறத்தைத் திரும்பக் கொண்டுவர என்னால் ஒருமுறையும் முடிந்ததில்லை.