மஸ்டாங் காருக்கு குளிர்ந்த காத்து இழுக்க வைக்க என்ன பண்ணலாம்?

பாண்டி வி8:
மஸ்டாங் ஜிடி 5.0ல ஓப்பன் கோன் ஃபில்டர் (பாக்ஸ் இல்லாத கூம்பு ஏர் ஃபில்டர்) மாட்டினேன், சத்தம் சும்மா அள்ளுது, ஆனா ராஜீவ் காந்தி சிலை சிக்னல்ல கொஞ்ச நேரம் நின்னாலே ஓபிடி ஸ்கேனர்ல (வண்டி கம்ப்யூட்டர் ரீடிங்கை காட்டுற கருவி) இன்டேக் டெம்பரேச்சர், அதாவது இன்ஜின் இழுக்கிற காத்தோட சூடு, 62 டிகிரி காட்டுது, வெளிய 34 தான், கிளம்பும்போது வண்டி மந்தமா போகுது. என்ன பண்றது?

கடலூரான்:
ப்ரோ, அந்த கோன் பானட்டுக்குள்ள இருக்கிற அனலைத்தான் குடிக்குது. 34லேர்ந்து 62 ஆனா காத்தோட அடர்த்தி 8 சதவீதம் கிட்ட குறையும், அதுக்கு மேல நாக் (பெட்ரோல் தாறுமாறா வெடிக்கிறது) வரக்கூடாதுன்னு ஈசியூ, அதான் இன்ஜின் கம்ப்யூட்டர், ஸ்பார்க் டைமிங்கையும் குறைச்சிடும். கோனைச் சுத்தி தகடுல பாக்ஸ் அடிச்சு, மேல் ஓரத்துல பானட் மூடினா அழுந்தி உக்கார்ற மாதிரி ரப்பர் பீடிங் ஒட்டி, கிரில் பின்னாடியிருந்து ஒரு டக்ட் (காத்துக் குழாய்) விடுங்க. சிக்னல்ல நின்னா அப்பவும் ஏறும், ஓட ஆரம்பிச்சா மளமளன்னு இறங்கிடும்.

முத்தியால்பேட்டை பையன்:
டக்ட்டை பம்பருக்கு அடியில மட்டும் இறக்காதீங்கண்ணா!! ஐப்பசி மழையில தேங்கின தண்ணிய என் வண்டி ஒரே மடக்கு குடிச்சுது, தண்ணி காத்து மாதிரி அமுங்குமா, பிஸ்டனோட கனெக்டிங் ராட் வளைஞ்சே போச்சு. அப்புறம் ஃபில்டர் எண்ணெய் அளவா பூசுங்க, உள்ள போற காத்தை அளக்கிற மாஃப் சென்சர்ல படிஞ்சா ரீடிங் தப்பும்.

பாண்டி வி8:
யப்பா, அப்ப கிரில் பக்கம்தான். ஞாயித்துக்கெழம தகடு வெட்டிட்டு போட்டோ போடறேன்.