புதுப்பிப்பு: பழைய லேப்டாப் ரீசெட், பாமினி எழுத்துச் சிக்கல் தீர்ந்தது

விண்டோஸ் 10 உள்ள பழைய லேப்டாப்பை ரீசெட் செய்தபின் பேக்கப்பிலிருந்து எதையெல்லாம் திரும்பப் போடலாம் என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி. "யூசர் ஃபோல்டரை அப்படியே கொட்டாதீங்க, ஆப்டேட்டாவை விட்டுருங்க" என்று காரைக்குடி அண்ணன் சொன்னதுதான் பலித்தது. ஆப்டேட்டா என்பது யூசர் ஃபோல்டருக்குள் புரோகிராம்கள் தங்கள் அமைப்புகளை வைக்கும் ஃபோல்டர்.

ரீசெட்டில் எல்லாவற்றையும் அகற்றும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். பழைய ஃபைல்களை மீட்க முடியாதபடி அழிக்கும் டிரைவ் துடைப்பு வேண்டாம். லேப்டாப்பை விற்பதாக இருந்தால்தான் அது தேவை, ஹார்ட் டிஸ்கில் மணிக்கணக்காக இழுக்கும். பிறகு டாக்குமெண்ட்ஸ், படங்கள், டெஸ்க்டாப் மூன்றை மட்டும் காப்பி செய்தேன். புரோகிராம்களைப் புதிதாகவே நிறுவ வேண்டும். பழைய ஃபோல்டரைக் காப்பி செய்தால் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) பதிவு வராது, பெரும்பாலானவை ஓடாது.

எதிர்பாராதது ஒன்று. பங்காளிகளின் படைப்பு (முன்னோர் வழிபாடு) கணக்கு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் அடித்தவை. அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் இருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றன. ஃபைல் கெடவில்லை, ஃபாண்ட்தான் இல்லை. பேக்கப்பில் விண்டோஸின் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரிலும் அது கிடைக்கவில்லை. காரணம், 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, சாதாரணமாக நிறுவும் ஃபாண்ட் அந்தப் பயனருக்கு மட்டும் என்று ஆப்டேட்டாவுக்குள் போய்விடுகிறது: அதில் லோக்கல், அதற்குள் மைக்ரோசாஃப்ட், அதற்குள் விண்டோஸ், அதற்குள் ஃபாண்ட்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும் ஃபோல்டர். வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள்.

அங்கிருந்து ஃபாண்ட் ஃபைல்களை மட்டும் எடுத்து, ரைட் கிளிக்கில் எல்லாப் பயனருக்கும் நிறுவும் தேர்வைக் கொடுத்தேன். வேர்டை மூடித் திறந்ததும் தமிழ் வந்துவிட்டது. ரீசெட்டுக்கு முன்பே இந்த ஃபோல்டரைத் தனியாகக் காப்பி எடுத்து வையுங்கள்.